பதினொன்று இரண்டுக்குத் திறக்கும் குப்பி

பத்து மணி இரண்டு நிமிடத்துக்குக் குப்பியை ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஜாடிக்குள் வைத்தேன். பதினொன்று இரண்டுக்குத் திறப்பேன். அதற்கு ஒரு நிமிடம் முன்னால் பிரம்மாவே வந்து கேட்டாலும் திறக்க மாட்டேன், பேராசிரியர் ராமபத்ரன் எம்மாத்திரம். மனசுக்குள் சொல்லிப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. வாய்விட்டுச் சொல்லும்போது என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது. ஐந்து வருஷமாக இந்த ஆய்வகத்தில் என் வாயிலிருந்து வந்த மிகப் பெரிய வசனம் ‘சரி சார்’ தான். வெளியே கார்த்திகை மழை விட்டு விட்டுப் பெய்கிறது. சுவரில் ஈரம் இடுப்பு உயரத்துக்கு ஏறியிருக்கிறது, காலையில் போட்ட கோட்டு இப்போதே முதுகில் ஒட்டுகிறது, சென்னைக் காற்றைத் துணி மாதிரிப் பிழிந்தால் ஒரு குடம் தண்ணீர் கிடைக்கும். அதனால்தான் ஜாடி. கனத்த கண்ணாடி, அடியில் ஈரத்தை உறிஞ்சும் நீலக் குருணை, விளிம்பில் கிரீஸ் தடவிய மூடி. உள்ளே என் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு குப்பி. குப்பிக்குள் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. இந்த ஒரு சிட்டிகையில்தான் என் ஐந்து வருஷமும் உட்கார்ந்திருக்கிறது என்று யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். அம்மாவிடம் சொன்னபோது சிரிக்கவில்லை, ‘கீழ கொட்டிடாதடி’ என்றாள்.

பயோட்டின் பெக் என்று நாங்கள் சுருக்கமாகக் கூப்பிடுவோம். லேபிளில் இருக்கிற முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். விஷயம் எளிது. நீளமான ஒரு பாலிமர் நூல், ஒரு முனையில் பயோட்டின், முடி கொட்டுகிறது என்று என் அண்ணி தினம் ஒரு மாத்திரை விழுங்குகிறாளே, அதே வைட்டமின். மறு முனையில் ஒரு கொக்கி. கொக்கி போய் ஆன்டிபாடி என்கிற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், நூல் நீண்டு நிற்கும், நூலின் நுனியில் ஆடுகிற பயோட்டினை ஸ்ட்ரெப்டாவிடின் என்கிற இன்னொரு புரதம் கண்டதும் கவ்வும். கவ்வினால் விடாது, சோப்புப் போட்டுக் கழுவினாலும் விடாது. எங்கள் பரிசோதனைத் தாளில் அந்த ஸ்ட்ரெப்டாவிடினைத்தான் கோடாக இழுத்து வைத்திருக்கிறோம். எலிக்காய்ச்சல் வந்தவரின் ஒரு சொட்டு ரத்தம் விட்டால் பதினைந்து நிமிடத்தில் அந்த இடத்தில் சிவப்புக் கோடு தெரிய வேண்டும். தெரிந்தது. ஒரே ஒரு தடவை, இரண்டு வருஷத்துக்கு முன்னால், என் கண் முன்னால் தெரிந்தது, போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. அதற்கப்புறம் மூன்று குப்பி, மூன்று தடவை, கோடு வரவில்லை. கொக்கிக்கு ஒரு பலவீனம் உண்டு, ஈரம். ஈரம் பட்டால் கொக்கி தானாகக் கழன்று விழுந்துவிடும். பொடி அதே வெள்ளையாக, பார்க்க ஒரு குறையும் இல்லாமல் இருக்கும், ஆனால் எதையும் பிடிக்காது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் இரண்டு பேர் அப்படித்தான் இருந்தார்கள். சரி, அது இப்போது எதற்கு. மணி பத்து பத்து.

மூன்று தடவையும் என் கைதான் காரணம் என்று ஆகிவிட்டது. போன வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எட்டுப் பேர் முன்னால் ராமபத்ரன் சார் சொன்னார், ‘கெமிஸ்ட்ரி பொய் சொல்லாதும்மா. கைதான் சொல்லும். சில பேருக்குக் கைராசி கிடையாது, அதை ஒத்துக்கிட்டா முடிஞ்சுது.’ சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பேனா பிடித்திருந்த என் இடது கையைப் பார்த்தார். என்னோடு ஆய்வு செய்கிற லோகநாதன் தலையைக் குனிந்துகொண்டான், பாவம், என் வேலை அவனுக்குப் போகப்போகிறது என்று அவனுக்குத் தெரியும். சார் டைப் அடித்து வைத்த கடிதம் தயாராக இருக்கிறது. ‘முதல் முடிவு என் செய்முறைப் பிழையால் வந்தது, அதைத் திரும்பப் பெறுகிறேன், இப்படிக்கு சுபாஷிணி.’ இன்றைக்கும் கோடு வராவிட்டால் அதில் நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அந்தச் சிவப்புக் கோடு பொய் என்று நானே சொன்னதாக ஆகும், பட்டம் போகும், என் பெயரைக் கேட்டாலே ‘ஓ, அந்தப் பொண்ணா’ என்பார்கள். கோடு பொய் இல்லை. நான் பார்த்தேன். முதலில் ஒரு சந்தேகம் மாதிரி லேசாக, பிறகு குங்குமத்தை இழுத்து வைத்தது போல. எத்தனை பேர் என்ன சொன்னாலும் நான் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுக்க மாட்டேன். இதை அன்றைக்கே கூட்டத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சரி சார் என்றேன்.

இந்தக் கை. இரண்டாம் வகுப்பில் சுலோச்சனா டீச்சர் ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து முட்டியில் அடிப்பார், சரஸ்வதி கோவித்துக்கொள்வாளாம். சரஸ்வதிக்கு நாலு கை, அதில் இரண்டு இடது கை, அவள் எதற்குக் கோவித்துக்கொள்ள வேண்டும் என்று அப்போதே கேட்டேன், அதற்கும் ஒரு அடி. அரக்கோணத்தில் எங்கள் வீட்டில் யாராவது வந்தால் காபித் தம்ளரை நீட்டுவதற்கு முன்னால் அம்மா கண்ணைக் காட்டுவாள், கையை மாற்று என்று. சித்தி கல்யாணப் பந்தியில் மறந்துபோய் இடது கையால் அப்பளம் வைத்துவிட்டேன், மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் இலையை மூடிவிட்டு எழுந்தார். ஒரு அப்பளத்துக்கு அவ்வளவு. பஸ்ஸில் சில்லறை நீட்டினால் கண்டக்டர் ‘அந்தக் கையில குடும்மா’ என்பார். இருபத்தொன்பது வருஷமாகக் கையை மாற்றி மாற்றி எனக்கு எந்தக் கை எங்கே இருக்கிறது என்பதே சில சமயம் மறந்துவிடுகிறது. ஆனால் பைப்பெட் பிடித்தால் இந்தக் கை நடுங்காது. ஒரு மைக்ரோலிட்டர், அதில் பாதி, கால் என்று இது எடுக்கிற அளவை எந்த வலது கையும் எடுக்காது. லோகநாதனே அவசரத்துக்கு என்னிடம்தான் கொண்டுவருவான். கைராசி இல்லையாம். எனக்குக் கோபம் வருகிறது. வரட்டும், இந்த ஐம்பது நிமிடத்துக்கு அதுதான் துணை.

சாருக்குத்தான் கைராசி. அதில் இந்தத் துறையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கடைக்காரர் காலையில் போணிக்கு ஆள் பார்ப்பது போல, புதிதாக எந்த விலை உயர்ந்த குப்பி வந்தாலும் சார் கையால்தான் முதலில் திறக்க வேண்டும். அட்டெண்டர் ஏகாம்பரம் அண்ணன் ஃப்ரீசரிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்து சார் அறைக்குக் கொண்டுபோவார், சார் காலண்டரில் நல்ல நேரம் பார்ப்பார், ராகுகாலம் எமகண்டம் பார்ப்பார், பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்து மேஜையில் இருக்கிற பிள்ளையார் படத்துக்கு நேராக ஒரு நிமிடம் காட்டுவார். பிறகு மூடி, ‘ஆச்சு, எடுத்துட்டுப் போ.’ அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு மாதம் லீவு கொடுத்தவர், என் முதல் கட்டுரையை வரிக்கு வரி திருத்தியவர். அவருக்கு அது பக்தி, எங்களுக்குப் பழக்கம். இரண்டாவது குப்பியை அவர் திறந்த அன்று நான் எதிரில் நின்றேன். ஃப்ரீசரிலிருந்து வந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. குப்பிக்கு வியர்த்திருந்தது. அவர் கர்ச்சீப்பால் துடைத்தார், மறுபடி வியர்த்தது, விரல் ரேகை அந்த ஈரத்தில் பதிந்தது. ஜன்னல் திறந்திருந்தது. அந்தக் குளிர்ந்த பொடிக்கு மேலே மழைக்காற்று ஒரு நிமிடம் முழுக்க இறங்கிக்கொண்டிருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். லேபிளில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது, ஒரு மணி நேரம் வெளியே வைத்து அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்கவும் என்று. நான் படித்தவள். சாரும் படித்தவர். ஆனால் பிள்ளையாருக்குக் காட்டும்போது குறுக்கே யார் பேசுவார்கள்.

இங்கேதான் என் மனசு போய்ப் போய் முட்டுகிறது. அன்றைக்கு எனக்குத் தெரியுமா, தெரியாதா. தெரியாது என்று சொல்லிக்கொள்ளப் பார்க்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஊரில், ஃப்ரிட்ஜிலிருந்து காபிப்பொடி டப்பாவை எடுத்து உடனே திறக்கப் போனபோது அம்மா கத்தினாளே, ‘வெச்சுட்டு வேற வேலையப் பாருடி, இப்ப தொறந்தா கட்டி கட்டியா ஆயிடும்’ என்று, அப்போதுதான் எனக்கு உறைத்தது, டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் மரம் மாதிரி நின்றேன், அப்போதுதான் முதல் குப்பியின் ஞாபகமும் வந்தது, எல்லாம் அப்போதுதான். இப்படிச் சொல்லிக்கொண்டால் சுகமாக இருக்கிறது. உண்மை அது இல்லை. அந்த வியர்வையைப் பார்த்தபோதே இது தப்பு என்று உள்ளே ஒன்று சொன்னது. சொன்னதை அமுக்கினேன். சாருக்குத் தெரியாததா என்றேன். மூன்றாவது குப்பிக்கும் அமுக்கினேன், நாலாவதற்கும். பிறகு ரெஜிஸ்டரில் ‘திறந்தவர்’ என்கிற கட்டத்தில் என் பெயரை நானே எழுதினேன், ஏனென்றால் சார் எழுத மாட்டார், கட்டம் காலியாக இருந்தால் ஆடிட்டில் கேள்வி வரும், ஆய்வு மாணவர்கள் எழுதுவதுதான் வழக்கம். மூன்று வரி, மூன்று சுபாஷிணி. என் கையெழுத்தில் நானே எனக்கு எதிராகச் சாட்சி எழுதி வைத்திருக்கிறேன். அவர் மேல் இருக்கிற கோபத்தில் பாதி என் மேல்தான்.

முதல் குப்பியை நினைத்துக்கொள்கிறேன், அதுதான் தைரியம் தருகிறது. சார் மகள் கல்யாணம், துறையே கும்பகோணத்துக்குப் போயிருந்தது. கூரியர்காரர் நாலு நாள் தாமதமாகக் கொண்டுவந்தார், பெட்டிக்குள் ஐஸ் உருகி எப்போதோ போயிருந்தது, குப்பி மட்டும் ஒட்டின உறைக்குள் காய்ந்தபடி, என் கை அளவு வெதுவெதுப்பாக. ஆன்டிபாடி தயாராக இருந்தது, விட்டால் கெட்டுவிடும். திறந்தேன். இந்தக் கையால், நேரம் பார்க்காமல், மூன்றாவது நாள் கோடு. கல்யாணம் முடிந்து வந்த சாரிடம் ஓடிப்போய் போட்டோவைக் காட்டினேன். ‘என்னைக் கேக்காம ஏன் தொறந்தே?’ என்றார். போட்டோவை அப்புறம்தான் பார்த்தார்.

மணி பத்து இருபது. கதவு திறக்கிற சத்தம். ஏகாம்பரம் அண்ணன், கையில் அந்த எவர்சில்வர் தட்டு.

“சார் குப்பியக் கேட்டாரும்மா. பத்தரைக்கு ராகுகாலம் வந்துடும், அதுக்குள்ள தொறக்கணுமாம்.”

“பதினொண்ணு ரெண்டுக்குத்தான் திறக்கணும் அண்ணா. இப்ப குடுக்க முடியாதுன்னு சொல்லுங்க.”

“நான் போயி எப்படிம்மா சொல்றது?”

“சுபாஷிணி சொன்னாள்னு சொல்லுங்க.”

அவர் ஜாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வெள்ளிக்கெழம வேற,” என்று முனகிக்கொண்டு வெறும் தட்டோடு போனார். சொல்லிவிட்டேனா? சொல்லிவிட்டேன். ஆனால் இது ஏகாம்பரம் அண்ணனிடம் சொன்னது, ஊருக்கு இளைத்தவர், அவரிடம் வீரம் காட்டுவது பெரிய விஷயமா. ஜாடியின் கண்ணாடியில் கன்னத்தை வைத்துப் பார்க்கலாம் போல இருக்கிறது, வைத்தால் என் சூடு கொஞ்சம் உள்ளே போகுமோ என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். குப்பியின் மேல் இப்போது வியர்வை இல்லை. ஆனால் உள்ளே குளிர் இருக்கும், வெளியே காய்ந்தது போல் காட்டி உள்ளே குளிர்ந்து கிடக்கும், அதை நம்பக் கூடாது. ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம். பத்து இருபத்தொன்பதுக்கு இன்டர்காம் அடித்தது. எடுக்கவில்லை. பன்னிரண்டு தடவை அடித்து நின்றது, எண்ணினேன். மறுபடி அடித்தது. எடுக்காமல் இருப்பது சொல்வதை விட எளிதாக இருக்கிறது, அதனாலேயே மூன்றாவது தடவை எடுத்தேன்.

“என்னம்மா இது, வெளையாட்டா? மணி என்ன தெரியுமா?”

“பத்து முப்பத்தொண்ணு சார்.”

“ராகுகாலம் ஆரம்பிச்சாச்சு. போச்சு, இனிமே பன்னெண்டுக்கு மேலதான்.”

“நான் பதினொண்ணு ரெண்டுக்குத் திறக்கறேன் சார்.”

“நீ தொறக்கறியா?” என்றார், ‘நீ’ என்கிற ஓரெழுத்தை அவ்வளவு நீளமாக நான் கேட்டதில்லை. “இரு, வரேன்.” போன் வைக்கப்பட்ட பிறகும் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். வருகிறாராம். பத்தரைக்கு டீன் அறையில் அவருக்குக் கூட்டம், அது முடிந்துதான் வர முடியும், இருபது நிமிடம் ஆகும், அதற்குள் எத்தனை விதமாகப் பயப்படலாமோ அத்தனையும் பயந்து முடித்துவிடலாம். ராகுகாலத்தில், இடது கையால், சார் பேச்சை மீறித் திறந்து, அப்புறமும் கோடு வராமல் போனால்? வராமல் போகலாம். போன மாதம் புயலன்று நாலு மணி நேரம் கரன்ட் இல்லை, ஃப்ரீசர் என்ன ஆனதோ. ஆன்டிபாடியே பழசு. நூறு காரணம் இருக்கிறது, அதில் ஒன்றைக்கூட யாரும் கேட்க மாட்டார்கள், ராகுகாலம், பீச்சாங்கை, திமிர் என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுவார்கள், பத்து வருஷம் கழித்தும் புது மாணவர்களுக்குச் சொல்வார்கள். பன்னிரண்டு வரை காத்திருந்து சார் கையிலேயே கொடுத்தால்தான் என்ன? அப்போது குப்பி நன்றாகச் சூடேறியிருக்கும், அவரே திறக்கட்டும், கோடு வரும், எல்லோருக்கும் நல்லது. இது நியாயமாகத்தான் இருக்கிறது. இதுதான் பயமாக இருக்கிறது, இவ்வளவு நியாயமாக இருப்பது. கோடு வரும், சார் கை பட்டதால் வந்தது என்பார்கள், மூன்று தடவை வராதது என் கையால் என்று அதோடு நிரூபணம் ஆகிவிடும். ஐந்தாவது குப்பி பிழைக்கும், நான் பிழைக்க மாட்டேன். அடுத்த வருஷம் இன்னொருத்தி வருவாள், அவள் கண் முன்னால் பிள்ளையாருக்கு நேராக இன்னொரு குப்பிக்கு வியர்க்கும், அவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். முடியாது. பதினொன்று இரண்டு. நான்.

பத்து ஐம்பத்து மூன்றுக்குக் கதவு. தெரிந்த செருப்புச் சத்தம். சார் கையில் அந்தக் கடிதம், ஒரு பக்கம் நனைந்திருக்கிறது, மழையில் நடந்து வந்திருக்கிறார். மூச்சு வாங்குகிறது. எனக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது, அறுபது வயது மனிதர்.

“எடு வெளிய.”

“உட்காருங்க சார். இன்னும் ஒம்பது நிமிஷம் இருக்கு.”

என் குரல்தானா என்று திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை, ஜாடியை நோக்கிக் கையை நீட்டினார், நான் மூடியின் மேல் என் இடது உள்ளங்கையை வைத்தேன். அழுத்தவில்லை, வைத்தேன், அவ்வளவுதான். அவர் கை பாதியில் நின்றது. என்னைத் தொடாமல் ஜாடியைத் தொட முடியாது. யாரோ கட்டிப்போட்டது போல இரண்டு பேரும் அப்படியே நின்றோம். பிறகு அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒன்பது நிமிடம் எவ்வளவு நீளம் என்று இப்போதுதான் தெரிகிறது. சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி துடைத்தார். மழை ஏ.சி. பெட்டியின் தகரத்தில் விழுகிறது. திட்டினால் தாங்கலாம் என்று தயாராக இருந்தேன், இப்படிக் கண்ணாடி துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கவில்லை. கை நடுங்கவில்லை, நான் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பதினொன்று இரண்டு. மூடியை நகர்த்தினேன், குப்பியை எடுத்தேன், காய்ந்த கண்ணாடி, என் தோலின் சூடு. விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். பொடி சரசரவென்று அடியில் இறங்கியது, கோலமாவு போல, ஒரு துகள்கூடச் சுவரில் ஒட்டவில்லை. போன மூன்று குப்பியிலும் அது மழைக்கால உப்பு மாதிரி அப்பிக்கொண்டு, சுரண்டித்தான் எடுத்தேன். சாரும் அதைப் பார்த்தார். நாற்பது வருஷம் வேதியியல் படித்த கண், அதற்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மூடியை இடது கையால் திருகித் திறந்தேன்.

“எடுத்து எவ்ளோ நேரம் ஆச்சு?” மெதுவாகக் கேட்டார்.

“ஒரு மணி நேரம் சார். லேபிள்ல போட்டிருக்கு.”

“லேபிள் எனக்குத் தெரியும்.”

“தெரியும் சார். எனக்கும் தெரியும். அப்பவே சொல்லியிருக்கணும், சொல்லல. அது என் தப்பு. ஆனா அந்தக் கடிதத்துல கையெழுத்துப் போட மாட்டேன், இன்னிக்குக் கோடு வந்தாலும் சரி, வராட்டாலும் சரி.”

ரெஜிஸ்டரை இழுத்தேன். தேதி, வெள்ளிக்கிழமை. நேரம், பதினொன்று இரண்டு. திறந்தவர், சுபாஷிணி. பிறகு பக்கத்தைப் பின்னால் திருப்பி, அந்த மூன்று வரியிலும் என் பெயரின் மேல் ஒரு கோடு போட்டேன், பக்கத்தில் என் முதலெழுத்தும் இன்றைய தேதியும். மூன்று கட்டமும் காலியாகின. ரெஜிஸ்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

“இந்த மூணையும் நான் திறக்கல சார்.”

பேனாவை நீட்டினேன். நீட்டிய பிறகுதான் பார்த்தேன், இடது கை. அம்மா கண்ணைக் காட்டுவது தெரிகிறது, சுலோச்சனா டீச்சரின் ஸ்கேல் தெரிகிறது, பந்தியில் மூடிய இலை தெரிகிறது. சாரும் கையைத்தான் பார்க்கிறார். மாற்றவில்லை. பொடியைக் கரைத்தால் உடனே ஆன்டிபாடியில் விட வேண்டும், பிறகு அரை மணி நேரம் கொக்கி தன் வேலையைப் பார்க்கும், எனக்கு வேலை இருக்கிறது.

“வாங்கிக்கோங்க சார்,” என்றேன்.

வாங்கிக்கொண்டார். வலது கையில் அந்தக் கடிதம் இருந்ததால், இடது கையால்.